கடலோர கோல்ஃப் ஹோல்களைப் படித்தறிதல்: புதிதாக ஆட வருவோருக்கான வழிகாட்டி

உள்நாட்டுப் பூங்கா மைதானங்களில் கோல்ஃப் பழகிய ஒருவர் முதன்முறையாகக் கடலோர மைதானத்தின் டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், வந்து நிற்கும்போது, அவருக்குப் பழக்கமான அடையாளங்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இருமருங்கிலும் மரவரிசை இல்லை. பந்தை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லும் தெளிவான கரையும் இல்லை. மேடும் பள்ளமுமான புல்வெளியும், தொலைவில் ஒரு கொடியும், ஓயாத காற்றும்தான் உள்ளன. மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் அதில் ஒரு நீளம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை நம்பி மட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்களின் தொல்லைகளில் பாதி தொடங்குகிறது என்பது என் கருத்து. கடலோர ஹோலின் தன்மையை அதன் நீளம் தீர்மானிப்பதில்லை. தரையின் உறுதி, காற்றின் திசை, கிரீன் (கொடியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை) எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றை எந்த வரிசையில் கவனிப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

குழப்பம் வராதிருக்க, டீயிலிருந்து கொடி வரையுள்ள முழு ஆட்டப்பகுதியை ஹோல் என்றும், பந்து கடைசியில் விழும் 108 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையைக் குழி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தூரங்கள் மைதானங்களில் வழங்குவதுபோலக் கெஜத்தில் தரப்பட்டுள்ளன.

முதற்படி: எந்த வகை நிலத்தில் நிற்கிறீர்கள் என்று அறிதல்

கடல் கண்ணில் படும் மைதானங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. லிங்க்ஸ் எனப்படுவது கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலம். காற்று மணலைக் குவித்து மேடுகளாக்க, ஆழமாக வேரோடும் மாரம் புல் அந்த மேடுகளைப் பிடித்து நிறுத்த, அவற்றின் நடுவே மெல்லிய ஃபெஸ்க்யூ புல் படர்ந்து உருவான தரை அது. மழைநீர் மணலில் உடனே இறங்கிவிடுவதால் தரை இறுகியே இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் துள்ளி, உருண்டு, சரிவு காட்டும் திசையில் வெகுதூரம் போகும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், பிரெஸ்ட்விக், ராயல் டார்னாக், அயர்லாந்தின் லஹின்ச் முதலியவை இவ்வகை. இங்கே ஹோல்களை வடிவமைத்ததில் மனிதரைவிடக் காற்றுக்கும் மேய்ச்சல் ஆடுகளுக்கும் பங்கு அதிகம் என்று சொல்வதுண்டு.

பாறை முகடுகளின்மேல் அமைந்த மைதானங்கள் வேறு வகை. ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் ஆகிய இருவரும் வடிவமைத்து 1919இல் திறக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே கடல் பார்வைக்கு மிக அருகில் இருந்தாலும், மணல்மேட்டுத் தரையின் நீண்ட உருளலை எதிர்பார்க்கக் கூடாது. பந்தை ஆகாய வழியாகவே கிரீனுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஹோல்கள் அங்கே மிகுதி. மூன்றாவதாக, மண்ணை அள்ளிக் கொட்டி மணல்மேடுகளைப்போல் செயற்கையாக உருவாக்கிய மைதானங்கள் உள்ளன. தென் கரோலினாவின் கியாவா தீவில் பீட் டை வடிவமைத்து 1991இல் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பை ஆடப்பட்ட ஓஷன் கோர்ஸ் அப்படிப்பட்டது. அவருடைய மனைவி ஆலிஸ் டை சொன்ன யோசனைப்படி, மேட்டுக்கு அப்பாலுள்ள கடல் தெரிவதற்காக ஹோல்கள் உயர்த்தப்பட்டன. அதனால் காட்சி கிடைத்தது, அதோடு அட்லாண்டிக் காற்றின் முழுவீச்சும் கிடைத்தது.

உங்கள் மைதானம் எவ்வகை என்பதைப் பெயரைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன் பயிற்சித் திடலுக்குச் சென்று, குட்டையான புல்லில் ஒரு பந்தை உயரமாக அடித்து, அது விழுந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பந்து விழுந்த பள்ளத்தைச் சுற்றி ஈரம் தெரிந்தால் தரை மென்மையானது. பள்ளமே ஏற்படாமல் பந்து இன்னும் பல கெஜம் ஓடியிருந்தால், அன்று உங்கள் இலக்கு கொடியாக இருக்க முடியாது. கொடிக்கு முன்னால் பந்து தரையிறங்க வேண்டிய இடமே இலக்கு.

இரண்டாம் படி: அட்டையில் காற்றை வரைதல்

மைதானத்தின் வரைபடத்தை எடுத்து, அன்றைய காற்றின் திசையை ஓர் அம்புக்குறியாக அதன்மேல் வரைந்துகொள்ளுங்கள். பின்னர் ஒவ்வொரு ஹோலுக்கும் எதிர்காற்றா, பின்காற்றா, இடமா, வலமா என்று எழுதுங்கள். சிறு வேலைதான், ஆனால் இதைச் செய்தபின் ஹோல்களின் வரிசை புதிய முகம் காட்டும். பழைய லிங்க்ஸ் மைதானங்கள் பல, முதல் ஒன்பது ஹோல்களில் கரையோரமாகவே தொலைவுக்குச் சென்று, அடுத்த ஒன்பதில் அதே வழியாகத் திரும்பும் அமைப்புக் கொண்டவை. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் பெருமளவு இப்படித்தான் அமைந்துள்ளது. அங்கே முதற்பாதியில் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போனால், இரண்டாம் பாதி முழுவதும் அதே காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும். ஆகவே பாதிவழியில் கணக்குப் பார்த்து மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. இதற்கு மாறாக ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் முதல் ஒன்பது ஹோல்கள் வெளிவட்டமாக வலஞ்சுழியாகவும், அடுத்த ஒன்பது உள்வட்டமாக இடஞ்சுழியாகவும் செல்கின்றன. அதனால் அங்கே காற்றின் கோணம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ஹோலில் கற்றதை அடுத்த ஹோலுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், வானம் தெளிந்த நாள்களில் முற்பகலுக்குமேல் கடலிலிருந்து நிலம் நோக்கிக் காற்று எழுந்து, பிற்பகலில் வலுத்து, மாலையில் தணிவது வழக்கம். புயலோ பெரிய காற்றழுத்த மாற்றமோ இருக்கும் நாளில் இந்த ஒழுங்கு செல்லாது. எப்படியாயினும் காலையில் அம்புக்குறி வரைந்தவர் பத்தாவது ஹோலில் அதைச் சரிபார்ப்பது நல்லது.

டீயில் நின்று புல்லைக் கிள்ளி எறிந்து பார்க்கும் வழக்கம் கடற்கரையில் ஏமாற்றக்கூடும். டீ பெரும்பாலும் மணல்மேட்டின் மறைவில் இருக்கும். பந்தோ 20 மீட்டருக்குமேல் எழும்பி, மேட்டுக்கு மேலுள்ள காற்றில் மாட்டிக்கொள்ளும். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, மேட்டின் உச்சியிலுள்ள நெடும்புல் எப்படிச் சாய்கிறது, கடலின் அலைநுனி எந்தப் பக்கம் சிதறுகிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

எதிர்காற்றில் பலமாக அடிப்பது ஏன் பயன்தராது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அடிபட்ட பந்து பின்சுழற்சியுடன் பறக்கிறது. அந்தச் சுழற்சியே அதைக் காற்றில் தாங்குகிறது. எதிர்காற்று வீசும்போது பந்தைக் கடந்துசெல்லும் காற்றின் வேகம் கூடுவதால், தூக்குவிசையும் இழுவிசையும் சேர்ந்தே கூடி, பந்து முன்னேறுவதற்குப் பதிலாக மேலே எழும்பித் தயங்கி விழுகிறது. பலமாக அடித்தால் சுழற்சியும் அதிகமாகி நிலைமை மோசமாகும். நீளமான மட்டையை எடுத்து, பிடியைச் சற்றுக் கீழிறக்கி, நிதானமாக வீசினால் பந்து தாழ்வாகச் செல்லும். ஆட்டக்காரர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 16 கிலோமீட்டர் எதிர்காற்று தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு நீட்டும், அதே வேகப் பின்காற்று அதில் பாதியளவுதான் குறைக்கும். அதாவது 150 கெஜ அடி, எதிர்காற்றில் 165 கெஜ அடியாகவும், பின்காற்றில் ஏறத்தாழ 142 கெஜ அடியாகவும் மாறும். பின்காற்றில் தூரம் மட்டும் மாறுவதில்லை. பந்து நிற்கவும் மறுக்கும்.

பெபிள் பீச்சின் 7ஆவது ஹோல் ஏறத்தாழ 106 கெஜமே நீளமுள்ளது. அமைதியான நாளில் அது, பந்தை உயரமாகத் தூக்கிக் குறைந்த தூரம் அனுப்பும் வெட்ஜ் மட்டைக்குரிய சிறு அடி. 1992 அமெரிக்க ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் கடும் காற்று வீசியபோது, டாம் கைட் அங்கே, வழக்கமாக அதைவிட வெகுதூரம் அடிக்கும் 6ஆம் எண் அயர்ன் மட்டையைக் கையிலெடுத்தார். அப்படியும் பந்து கிரீனைத் தவறவிட்டது. அங்கிருந்து அவர் நேரே குழிக்குள் அடித்து, அன்றே பட்டத்தையும் வென்றார். இதே காரணத்தால்தான் பிரிட்டனில் 41.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய பந்து நெடுங்காலம் விரும்பப்பட்டது. காற்றை அது எளிதாகக் கிழித்துச் சென்றது. பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் (இனி ஓப்பன் என்றே குறிப்பிடுகிறேன்) 1974 முதல் 42.67 மில்லிமீட்டர் பந்தே கட்டாயமாயிற்று.

மூன்றாம் படி: கொடியிலிருந்து பின்னோக்கி வருதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும். டீயில் நின்று முன்னோக்கிப் பார்ப்பவருக்குப் பரந்த ஃபேர்வே, அதாவது கிரீன் வரை செல்லும் குட்டைப் புல்வழி, தெரியும்; எங்கே அடித்தாலும் சரி என்று தோன்றும். கடலோர ஹோல்களின் நுட்பமே அந்தப் பரப்பில் ஒளிந்திருக்கிறது. ஃபேர்வே அகலமாக இருப்பது தாராளத்தால் அன்று. அதன் ஒரு பாதியிலிருந்து மட்டுமே கிரீன் வரவேற்கும். எந்தப் பாதி என்பதைக் கிரீன்தான் சொல்லும். ஆகவே முதலில் கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்றும், அதன் முன்பக்கம் எங்கே தடையின்றித் திறந்திருக்கிறது என்றும், தவறினால் எந்தப் பக்கம் தவறலாம் என்றும் கேட்டுக்கொண்டு, அதன்பின்தான் டீக்குத் திரும்ப வேண்டும்.

செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆவது ஹோலான ரோடு ஹோலை இந்த முறையில் படித்துப் பார்க்கலாம். பார் 4, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது; போட்டிகளில் அதன் நீளம் 495 கெஜம். கிரீன் குறுகலானது, நீண்டது, ஆட்டக்காரரின் பார்வைக்குக் குறுக்குச் சாய்வாகக் கிடப்பது. அதன் முன் இடப்பக்கத்தைப் பங்க்கர் எனப்படும் ஆழமான மணற்பள்ளம் ஒன்று காக்கிறது. பின்புறம் வலப்பக்கமாக ஒரு சாலையும், அதற்கப்பால் கல்மதிலும் உள்ளன. இடப்பக்கத்திலிருந்து வருபவர் பங்க்கரைத் தாண்டி, சாலைக்குமுன் நிறுத்த வேண்டும். அது ஏறத்தாழ இயலாத காரியம். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குக் கிரீனின் நீளம் முழுவதும் திறந்து கிடக்கும். ஆனால் அந்த வலப்பக்கத்தை அடைய, டீயிலிருந்து முதல் அடியையே மைதான எல்லைக்கு வெளியேயுள்ள விடுதிக் கட்டடத்தின் மூலைக்கு மேலாக அடிக்க வேண்டும். ஹோல் கேட்கும் கேள்வி இதுதான்: துணிவை முதலில் செலவிடுகிறீர்களா, பின்னர் செலவிடுகிறீர்களா? புதியவருக்கு மூன்றாவது வழி உண்டு. பாதுகாப்பாக இடப்பக்கம் அடித்து, இரண்டாம் அடியைக் கிரீனுக்கு முன்னால் வலப்புறம் நிறுத்தி, அங்கிருந்து கிரீனின் நீளவாக்கில் உருட்டி மொத்தம் ஐந்து அடிகளில் முடிப்பது. உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களே இங்கே ஐந்தை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள்.

கிரீனின் சரிவுக்கு இரு நேரெதிர் எடுத்துக்காட்டுகள் போதும். ஓல்டு கோர்ஸின் 11ஆவது ஹோல், ஈடன் முகத்துவாரத்தின் ஓரத்தில் அமைந்த பார் 3. அதன் கிரீன் பின்னிருந்து முன்னோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. கொடிக்கு மேலே பந்தை நிறுத்திவிட்டால் மீண்டும் கீழே தள்ளும்போது அது கிரீனைவிட்டே ஓடிவிடலாம். எனவே இங்கே பந்து கொடிக்குக் கீழே நிற்க வேண்டும். 1921இல் இளைஞரான அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ், இந்த ஹோலின் ஹில் பங்க்கரில் சிக்கி, அந்தச் சுற்றின் கணக்கையே கைவிட்டார். ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தின் 15ஆவது ஹோலான ரெடான் இதற்கு மாறானது. ஏறத்தாழ 190 கெஜப் பார் 3. கிரிமியப் போர்க்கால அரண் ஒன்றின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் கிரீன் முன் வலப்பக்கத்திலிருந்து பின் இடப்பக்கம் நோக்கி, ஆட்டக்காரரைவிட்டு விலகிச் சரிகிறது. முன் இடப்பக்கத்தில் ஆழமான பங்க்கர். கொடியை நேராகக் குறிவைத்தவரின் பந்து ஒன்று பங்க்கரில் விழும், அல்லது கிரீனைக் கடந்து ஓடும். கொடியை மறந்துவிட்டு, முன் வலப்பக்கத் தோள்மேட்டில் பந்தை இறக்கினால், அது தானாகவே இடப்பக்கம் வளைந்து குழியை நோக்கி உருளும். நிலத்தையே மட்டையாகப் பயன்படுத்தும் இந்த அழகை நேரில் கண்ட அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு, நியூயார்க் மாநிலத்தில் தாம் உருவாக்கிய நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 4ஆவது ஹோலாக அதை மீண்டும் அமைத்தார். இன்று உலகின் பல மைதானங்களில் ரெடான் வகை ஹோல்கள் உள்ளன. மேலே சொன்ன 11ஆவது ஹோலைப் பின்பற்றிய ஈடன் வகையும் அப்படியே. இவ்விரண்டையும் அடையாளம் காணத் தெரிந்தவர் முன்பின் அறியாத மைதானத்திலும் திகைக்க மாட்டார்.

தவறுவதற்கு ஏற்ற பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் தென்னாப்பிரிக்க வீரர் பாபி லாக் நல்ல ஆசிரியர். வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் இப்போது 16ஆவதாக உள்ள கலாமிட்டி, 236 கெஜப் பார் 3. வலப்பக்கம் முழுவதும் ஒரு பெரும்பள்ளம் வாயைத் திறந்து காத்திருக்கிறது. 1951 ஓப்பனில் லாக் நான்கு சுற்றுகளிலும் கொடியைக் குறிவைக்காமல், கிரீனுக்கு இடப்பக்கமுள்ள சிறு தாழ்வையே குறிவைத்து, ஒவ்வொரு முறையும் மொத்தம் மூன்று அடிகளில் முடித்தார். அந்தத் தாழ்வு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

ராயல் டார்னாக்கின் 14ஆவது ஹோலில் பங்க்கர் ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 445 கெஜ நீளம், வளைந்து செல்லும் ஃபேர்வே, பக்கவாட்டில் உயர்ந்து நிற்கும் மேடைபோன்ற கிரீன், இவ்வளவே அதன் ஆயுதங்கள். மேடையின் விளிம்பில் விழுந்த பந்து மெல்லத் திரும்பி உருண்டு வந்து காலடியில் நிற்கும்.

நான்காம் படி: பங்க்கரின் உண்மையான அகலத்தை அளத்தல்

லிங்க்ஸ் பங்க்கர்கள் சிறியவை, ஆழமானவை. மணல் காற்றில் பறந்துவிடாமலும் சுவர் சரியாமலும் இருக்கப் புற்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்சுவர் எழுப்பப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் வாயை மட்டும் பார்த்து அதன் அளவை முடிவுசெய்யக் கூடாது. சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிந்திருக்கும். இறுகிய தரையில் உருளும் பந்து பல கெஜம் தள்ளியிருந்தும் உள்ளே இழுக்கப்படும். ஆகவே மூன்று கெஜ வாய் கொண்ட பங்க்கரைப் பத்துக் கெஜத் தடையாகக் கருதி விலகிச் செல்லுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் இத்தகைய 112 பங்க்கர்கள் உள்ளன. 2000ஆம் ஆண்டு ஓப்பனில் டைகர் உட்ஸ் நான்கு நாள்களிலும் அவற்றில் ஒன்றில்கூட விழாமல் வென்றார். அவர் அடித்த தூரத்தைவிட இந்தச் செய்தியே புதியவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

விழுந்துவிட்டால், கொடியை நோக்கி அடிக்க முடியுமா என்று கேட்பதற்குமுன், வெளியேற எளிதான பக்கம் எது என்று பாருங்கள். பக்கவாட்டாகவோ பின்னோக்கியோ அடிப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. 1978 ஓப்பனில் ரோடு ஹோலின் கிரீனை இரண்டே அடியில் எட்டிய ஜப்பானிய வீரர் டாமி நகாஜிமா, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் தள்ளிய பந்து சரிவில் திரும்பிப் பங்க்கருக்குள் உருண்டுபோக, அதிலிருந்து மீளப் பலமுறை அடித்து, ஒன்பது அடிகளில் அந்த ஹோலை முடித்தார். இப்போதைய விதிகளில் ஒரு வசதி உண்டு: 2019 முதல், ஆட இயலாத பந்தை இரண்டு அடித் தண்டனையுடன் பங்க்கருக்கு வெளியே, கொடிக்கும் பந்துக்குமான நேர்கோட்டில் பின்னால் கொண்டுவந்து போடலாம். சுவரின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பந்துக்கு இதுவே மலிவான வழி.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத கிரீனை ஆடுதல்

மணல்மேட்டை வெட்டிச் சமன்படுத்தும் இயந்திரங்கள் இல்லாத காலத்தில் உருவான மைதானங்களில், மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிரீன்கள் இயல்பானவை. முதல் ஓப்பன் போட்டி 1860இல் நடந்த பிரெஸ்ட்விக்கில், 5ஆவது ஹோலான ஹிமாலயாஸும் 17ஆவது ஹோலான ஆல்ப்ஸும் இப்படிப்பட்டவை. லஹின்ச்சின் டெல் என்னும் பார் 3இல் கிரீன் முழுவதும் மேடுகளின் நடுவே மறைந்திருக்க, அன்றைய கொடி இருக்கும் திசையைக் காட்டும் வெள்ளைக் கல் ஒன்று முன்மேட்டின்மேல் வைக்கப்பட்டிருக்கும். இவற்றை நியாயமற்றவை என்று குறைகூறுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. ஒருமுறை மேட்டில் ஏறிப் பார்த்தவருக்கு அது மறைவான ஹோல் அன்று.

செய்ய வேண்டியவை எளியவை. அடிப்பதற்குமுன் மேட்டின்மேல் ஏறி, முன்னால் சென்ற குழு விலகிவிட்டதா என்று பாருங்கள்; மணி இருந்தால் அதன் ஒலிக்காகக் காத்திருங்கள். திரும்பி வருமுன், கொடிக்கு நேராக அடிவானத்தில் நகராத ஏதேனும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேகம் அடையாளம் ஆகாது. மட்டைகளைச் சுமந்து வரும் கேடி உடனிருந்தால் அவரிடம் தூரத்தைவிடத் திசையைக் கேளுங்கள். தூரத்தைக் கருவி சொல்லிவிடும், திசையை அந்த மண்ணில் நடந்து பழகியவர்தான் சொல்ல முடியும். கிரீனைவிட்டு அகலும்போது நீங்களும் மணியை அடிக்க மறக்க வேண்டாம்.

மறைவு முழுமையாக இல்லாத ஹோல்களிலும் கண் ஏமாறும். மரங்கள் இல்லாததால் தொலைவை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. முன்மேட்டுக்கும் கிரீனுக்கும் இடையேயுள்ள தாழ்நிலம் பார்வையில் படாமல் போவதால், கொடி உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். கண் சொல்லும் தூரமும் கருவி சொல்லும் தூரமும் முரண்பட்டால் கருவியையே நம்புங்கள்.

ஆறாம் படி: கடல் விளிம்பில் எவ்வளவு வெட்டுவது என்று முடிவுசெய்தல்

கடலை ஒட்டி வளையும் ஹோல்களில், டீயிலிருந்து குறுக்காக நீரின்மேல் அடித்தால் அடுத்த அடி குறையும். எவ்வளவு குறுக்கே போகிறீர்களோ அவ்வளவு இலாபம், அவ்வளவு ஆபத்து. பெபிள் பீச்சின் 18ஆவது ஹோலில் பசிபிக் கடல் இடப்பக்கம் முழுவதும் கூடவே வருகிறது. ஸ்காட்லாந்தின் மாக்ரிஹானிஷில் முதல் அடியே கடற்கரையின்மேல் அடிக்க வேண்டியது. அங்கே மணற்கரையும் ஆட்டப்பகுதியே என்பதால், நடந்து சென்று பந்து கிடக்கும் நிலையிலேயே அடிக்கலாம். ஆனால் எல்லா மைதானங்களிலும் அப்படி இல்லை. கரை சிவப்புக் கம்பங்களால் தண்டனைப் பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளதா, வெள்ளைக் கம்பங்களால் எல்லைக்கு வெளியேயாக்கப்பட்டுள்ளதா என்பதை அட்டையின் பின்புறத்தில் முதலிலேயே படித்துவிடுங்கள்.

இலக்கை முடிவுசெய்யும்போது உங்கள் மிகச்சிறந்த அடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். சாதாரணமாக அடிக்கும் தூரத்தையே எடுங்கள். கடல் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வந்தால் பந்தைக் கடலுக்கு மேலே செலுத்தி, காற்று திருப்பிக் கொண்டுவரும் என்று நம்புவது தேர்ந்தவர்களுக்கு உரியது. 1928இல் அலிஸ்டர் மெக்கன்சி உருவாக்கிய, கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயிண்ட் மைதானத்தின் 16ஆவது ஹோலில் கொடிக்கு ஏறத்தாழ 230 கெஜம், அதில் பெரும்பகுதி கடல். அங்கேயும் இடப்பக்கம் வெகு குறைந்த தூரத்தில் நிலத்துக்குப் போய், அடுத்த அடியில் கிரீனை அடையும் வழியை மெக்கன்சி விட்டுவைத்திருக்கிறார். நல்ல வடிவமைப்பாளர் அமைத்த ஹோலில் இத்தகைய பாதை அநேகமாக எப்போதும் இருக்கும்; தேடிக் கண்டுபிடியுங்கள்.

கடலில் சேரும் ஓடைகளும் இதே வகைத் தொல்லைதான். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தின் 18ஆவது ஹோலில் பாரி பர்ன் என்னும் ஓடை வளைந்து வளைந்து குறுக்கிடுகிறது. 1999 ஓப்பனில் ழான் வான் டெ வெல்டு அங்கே ஆறு அடிகளில் முடித்திருந்தாலே பட்டம் அவருடையது. ஏழு அடித்து, கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். டீயில் நிற்கும்போதே ஓடை எத்தனை இடங்களில், எத்தனை கெஜத்தில் குறுக்கே வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கிரீனைச் சுற்றித் தரையோடு ஆடுதல்

கிரீனுக்கு வெளியே நின்றாலும், இடையில் குட்டைப் புல் மட்டுமே இருந்தால் பட்டரை எடுங்கள். உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் இறுகிய தரையில் துள்ளி, பந்தின் நடுவில் பட்டுவிடும் அபாயம் உண்டு. மோசமாக உருட்டிய பந்துகூடச் சுமாராகத் தூக்கிய பந்தைவிட அருகில் நிற்பதைச் சில ஹோல்களுக்குள் காண்பீர்கள். 1995 ஓப்பனின் கடைசி ஹோலில், செயின்ட் ஆண்ட்ரூஸ் 18ஆவது கிரீனின் முன்னாலுள்ள வேலி ஆஃப் சின் என்னும் தாழ்விலிருந்து கோஸ்டான்டினோ ரோக்கா பட்டராலேயே தள்ளிக் குழியில் இட்டு, ஜான் டேலியைக் கூடுதல் ஆட்டத்துக்கு இழுத்தார்.

ஓல்டு கோர்ஸில் ஏழு இரட்டைக் கிரீன்கள் உண்டு. ஒரே கிரீனில் இரு ஹோல்களின் குழிகள் இருக்கும். அவ்விரு ஹோல்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2உம் 16உம், 5உம் 13உம் என்பதுபோல. போகும் வழி ஹோலுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழி ஹோலுக்குச் சிவப்புக் கொடி. புதியவர்கள் பிழையான கொடியைக் குறிவைப்பது அங்கே அபூர்வமன்று.

காற்று கிரீன்மேலும் வேலை செய்கிறது. கடலோர கிரீன்களின் புல்லை மிகக் குட்டையாக வெட்டாததற்குக் காரணம், நின்ற பந்து காற்றில் நகரக் கூடாது என்பதே. 2015 ஓப்பனில் செயின்ட் ஆண்ட்ரூஸில் அப்படிப் பந்துகள் நகர்ந்ததால் ஆட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். உங்கள் பந்து காற்றில் நகர்ந்தால் புதிய இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆனால் அதை ஏற்கெனவே குறியிட்டு எடுத்து மீண்டும் வைத்திருந்தால், பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். பட்டரைப் பிடித்து நிற்கும்போது கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். பலத்த காற்றில் பந்தைவிட ஆடுபவரே அதிகம் அசைகிறார்.

எட்டாம் படி: அன்றைய பாரை நீங்களே எழுதுதல்

அட்டையிலுள்ள பார், காற்றைக் கேட்டு அச்சிடப்பட்டதன்று. முழு எதிர்காற்றில் ஆடும் நீண்ட பார் 4 ஹோலை அன்றைக்குப் பார் 5 என்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதியவர் இரண்டாம் அடியில் கிரீனை எட்ட முயன்று பங்க்கரில் விழ மாட்டார். டீயையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். முன் டீயிலிருந்து ஆடினாலும் அதே கிரீன், அதே சரிவு, அதே கேள்விதான் உங்களுக்குக் கிடைக்கும்.

மொத்த அடிகளை எண்ணும் முறைக்குப் பதிலாகப் புதியவர்கள் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் எண்ணுவதையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவரான ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு அமைத்த இம்முறை, 1932இல் இங்கிலாந்தின் வாலசியில், ஐரிஷ் கடற்காற்று அறையும் ஒரு லிங்க்ஸ் மைதானத்தில், போட்டியாக ஆடப்பட்டது. உங்கள் ஹேண்டிகேப்பை (திறனுக்கேற்ப வழங்கப்படும் சலுகை அடிகளை) கழித்தபின் பாருக்கு இரண்டு புள்ளி, பாருக்கு ஒன்று கூடுதலானால் ஒரு புள்ளி, ஒன்று குறைந்தால் மூன்று புள்ளி. பாருக்கு இரண்டோ அதற்குமேலோ கூடுதலாக எத்தனை அடித்தாலும் சுழியம், அவ்வளவே. ஒரு பங்க்கரில் ஆறு அடி போனாலும் இழப்பு அந்த ஒரு ஹோலோடு முடிகிறது. புள்ளி கிடைக்க வழியில்லை என்று தெரிந்ததும் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னால் வரும் குழுவைக் காக்க வைக்காமல், அடுத்த டீக்கு நடந்து, அங்கே கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கத் தொடங்கலாம்.